நடுவில் நிற்கும் வழங்கி: தருமபுரித் தரவுகள் வழியே ஒரு திறனாய்வு

இணைய உலாவியில் தெரியும் வரைபடத்துக்கும், எங்கோ ஓரிடத்தில் உள்ள தரவுத்தளத்துக்கும் இடையில் நின்று இயங்கும் நிரல் இடைநிலை வழங்கி எனப்படும். பயனர் நிலப்படத்தில் பென்னாகரம் வட்டத்தைச் சொடுக்கினால், உலாவி அந்த வேண்டுகோளை இடைநிலை வழங்கிக்கு அனுப்புகிறது. வழங்கி அதைத் தரவுத்தளத்துக்குப் புரியும் வினவலாக மாற்றுகிறது. பின்னர், கிடைத்த பதிவுகளைத் தொகுத்துச் சுருக்கி, உலாவி வரையக்கூடிய வடிவில் திருப்பி அனுப்புகிறது. பயனர் கண்ணுக்குத் தெரிவது நிறமும் கோடும் மட்டுமே.

கணினிப் பாடநூல்கள் இந்த அடுக்கைப் பெரும்பாலும் ஒரு குழாய் போலவே விளக்குகின்றன. ஒரு முனையில் தரவு நுழைகிறது, மறுமுனையில் அதுவே வெளிவருகிறது என்ற எண்ணம் மாணவரிடம் பதிந்துவிடுகிறது. இந்த எண்ணம் தவறானது. எதைக் கூட்டுவது, எதைச் சராசரியாக்குவது, எதை விட்டுவிடுவது, எந்த எல்லையைப் பின்பற்றுவது என்ற முடிவுகளில் பெரும்பகுதி இந்த அடுக்கில்தான் எடுக்கப்படுகிறது. எனவே அது தரவைக் கடத்துவதோடு நிற்கவில்லை, பத்திரிகை ஆசிரியரைப் போல அதைத் திருத்தவும் செய்கிறது. திருத்தியவை எவை என்று வாசகருக்குச் சொல்லப்படாதபோது வரைபடம் எவ்வாறு பிழைபடுகிறது என்பதைத் தருமபுரி மாவட்டத் தரவுகளை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நடுவில் ஒரு வழங்கி ஏன்?

இந்த அடுக்கு தோன்றியதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, பாதுகாப்பு. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை உலாவிக்குள் வைத்தால், பக்கத்தைத் திறக்கும் எவரும் அதைப் படிக்கலாம். எவர் வேண்டுமானாலும் எந்த வினவலையும் அனுப்பலாம் என்றால், தரவை அழிக்கும் வினவலையும் ஒருவர் அனுப்பக்கூடும். இடையில் நிற்கும் வழங்கி, அனுமதிக்கப்பட்ட கேள்விகளை மட்டுமே உள்ளே விடுகிறது.

இரண்டாவது, அளவு. ஒரு நீர்மட்டக் கருவி மணிக்கு ஒரு முறை அளவெடுத்தால் பத்து ஆண்டுகளில் சுமார் 87,600 அளவீடுகள் சேரும். ஆனால் வரைபடத்தின் அகலம் 1,000 படப்புள்ளிகள் மட்டுமே. ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறத்தாழ 87 அளவீடுகள் வரிசையில் நிற்கின்றன. அனைத்தையும் கைபேசிக்கு அனுப்புவதால் பயனில்லை.

மூன்றாவது, வடிவம். தரவுத்தளம் அட்டவணையாகப் பேசுகிறது. உலாவி எதிர்பார்ப்பது ஜேசன் வடிவையோ படத்தையோதான். ஒருவர் மொழியை மற்றவருக்குப் பெயர்த்துச் சொல்ல நடுவில் ஒருவர் தேவைப்படுகிறார்.

வளர்ச்சி

நிலப்படத் துறையில் இந்த அமைப்பு முன்னதாகவே முதிர்ந்தது. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மேப்சர்வர் உருவானது. 2000ஆம் ஆண்டில், நிலப்படத்தை இணையத்தில் கேட்டுப் பெறுவதற்கான பொதுத் தரம் வெளியானது. டபிள்யூஎம்எஸ் எனப்படும் அந்தத் தரத்தின்படி உலாவி ஒரு பரப்பைக் கேட்டால், வழங்கி அதைப் படமாக வரைந்து அனுப்பும். 2001இல் ஜியோசர்வர் என்ற திறமூல வழங்கியும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குப் புவியியல் அறிவூட்டும் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற நீட்சியும் தொடங்கப்பட்டன. இந்தியாவில் இஸ்ரோவின் புவன் தளம் 2009இல் வந்தது.

2011இல் டி3 நிரலகம் வெளியானதும் வரையும் வேலை உலாவிக்கே வந்து சேர்ந்தது. அதன்பின் வழங்கிகள் படத்தை அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு எண்களை அனுப்பத் தொடங்கின. தாமதம் பயனரை எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஷிசெங் லியு, ஜெஃப்ரி ஹீர் ஆகியோர் 2014இல் ஆராய்ந்தனர். மறுமொழியில் கூடுதலாக அரை நொடி தாமதம் ஏற்பட்டாலே பயனர் தரவைத் துழாவுவது குறைந்துவிடுகிறது என்று அவர்கள் கண்டனர். இதையடுத்து வேகத்தை முதன்மையாகக் கொண்ட ஆய்வுகள் பெருகின. 2024இல் ஹீரும் டொமினிக் மோரிட்சும் வெளியிட்ட மொசைக் என்ற கட்டமைப்பு அவற்றுள் குறிப்பிடத்தக்கது. வரைபடத்தின் ஒவ்வொரு பகுதியும் தனக்கு என்ன தேவை என்பதை வினவலாகவே அறிவிக்கிறது. நடுவில் உள்ள ஒருங்கிணைப்பாளர் அவற்றைச் சேர்த்து, சுருக்கி, தரவுத்தளத்திடம் கேட்கிறது.

இந்த வளர்ச்சியின் அளவுகோல் பெரும்பாலும் வேகமாகவே இருந்துவந்துள்ளது. சுருக்கும்போது எது தொலைந்தது என்ற கேள்வி அதே அளவு கவனம் பெறவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தருமபுரி பொருத்தமான இடம். எல்லை மாறிய மாவட்டம், நீரில் புளோரைடு உள்ள மாவட்டம், பெண் குழந்தைகள் எண்ணிக்கை குறித்து நெடுங்காலம் கவலை எழுந்த மாவட்டம் என்ற மூன்றும் அங்கே ஒன்றுசேர்கின்றன.

முதல் சோதனை: எல்லை

தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரி 9 அன்று அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிக்கப்பட்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிரிக்கப்படாத தருமபுரியின் மக்கள்தொகை சுமார் 28.56 லட்சம். 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் மக்கள்தொகை சுமார் 15.07 லட்சம்.

மாவட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பதிவுகளைச் சேர்க்கும் வழங்கி, இந்த இரு எண்களையும் ஒரே கோட்டில் இணைத்துவிடும். பத்து ஆண்டுகளில் மாவட்டம் தன் மக்களில் ஏறத்தாழ பாதியை இழந்ததாக வரைபடம் காட்டும். கொள்ளைநோயா, பஞ்சமா, இடப்பெயர்வா என்று வெளியூர் மாணவர் ஒருவர் காரணம் தேடக்கூடும். உண்மையில் 2011இல் கிருஷ்ணகிரியின் மக்கள்தொகை சுமார் 18.80 லட்சம். இரண்டையும் கூட்டினால் 33.87 லட்சம் வருகிறது. பழைய எல்லைக்குள் மக்கள்தொகை 18 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்துள்ளது. வீழ்ச்சியாகத் தெரிவது வளர்ச்சி.

இங்கே தரவுத்தளத்தில் பிழையில்லை, இரண்டு எண்களும் சரி. உலாவியிலும் பிழையில்லை, அது கொடுத்த புள்ளிகளைச் சரியாகவே இணைத்தது. இரு பதிவுகளின் பெயர் ஒன்று என்பதால் நிலமும் ஒன்று என்று முடிவெடுத்த இடைநிலை நிரலில்தான் பிழை. இதற்குத் தீர்வு கடினமானதன்று. ஒவ்வொரு எண்ணோடும் அது எந்த ஆண்டின் எல்லைக்கு உரியது என்ற குறிப்பைச் சேர்த்து வைக்க வேண்டும். எல்லை மாறிய இடத்தில் கோட்டை முறித்துக் காட்ட வேண்டும், அல்லது வட்ட அளவிலான எண்களைக் கொண்டு இன்றைய எல்லைக்கு மீண்டும் கணக்கிட வேண்டும்.

இரண்டாம் சோதனை: சராசரியும் வெற்றிடமும்

தருமபுரியின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. அந்நீரைத் தொடர்ந்து குடிப்பவர்களுக்குப் பற்களில் கறை படிகிறது, நாளடைவில் எலும்புகளும் பாதிக்கப்படுகின்றன. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது.

இனி ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஓர் ஒன்றியத்தில் பத்துக் கிணறுகள் உள்ளன. எட்டில் புளோரைடு 0.6 மில்லிகிராம், இரண்டில் 3.0 மில்லிகிராம். கூட்டுத்தொகை 10.8, சராசரி 1.08. நிலப்படத்தின் நிற எல்லை 1.5 என்று வைக்கப்பட்டிருந்தால் ஒன்றியம் முழுவதும் பச்சையாகத் தெரியும். அனுமதித்த அளவைப் போல இரண்டு மடங்கு புளோரைடு உள்ள இரு கிணறுகளும் அந்தப் பச்சைக்குள் மறைந்துவிடும். நிற எல்லையை 1.0 என்று வைத்தால் அதே ஒன்றியம் எச்சரிக்கை நிறம் பெறும். ஒரே தரவு, இரண்டு தீர்ப்புகள்.

இதே அமைப்பில் இன்னொரு நிலையையும் எண்ணிப் பார்க்கலாம். பத்துக் கிணறுகளில் ஆறில் மட்டுமே அளவு எடுக்கப்பட்டுள்ளது. அந்த ஆறின் கூட்டுத்தொகை 10.8. எஸ்கியூஎல் மொழியின் சராசரிச் சார்பு வெற்றுப் பதிவுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே தரவுத்தளம் நேராகக் கணக்கிட்டால் 1.8 என்ற விடை வரும். அது வரம்பைத் தாண்டிய அளவு. ஆனால் வெற்றிடம் வந்தால் உலாவி நிரல் முறிந்துவிடும் என்று அஞ்சி, வெற்றிடங்களையெல்லாம் சுழியாக மாற்றும் பழக்கம் நிரலர்களிடம் உண்டு. அவ்வாறு மாற்றிவிட்டுச் சராசரி கண்டால் பத்தால் வகுக்கப்பட்டு 1.08 என்ற விடை வரும். அளக்கப்படாத நான்கு கிணறுகள், புளோரைடே இல்லாத தூய கிணறுகளாக மாறிவிடுகின்றன.

இரு நிலைகளிலும் உலாவிக்குக் கிடைப்பது 1.08 என்ற ஒரே எண். முதல் நிலையில் இரண்டு ஆபத்தான கிணறுகள் உள்ளன. இரண்டாம் நிலையில் அளந்த நீரே சராசரியாக வரம்பு மீறியது, மீதியைப் பற்றி எவருக்கும் தெரியாது. முற்றிலும் வேறான இரண்டு உண்மைகள் ஒரே எண்ணாகிவிட்டன. எவ்வளவு திறமையான காட்சி வடிவமைப்பாளரும் அந்த எண்ணிலிருந்து அவற்றை மீட்டெடுக்க இயலாது. ஆகவே வரைபடத்தின் நேர்மை நிறத்தேர்வில் தொடங்குவதில்லை, இடைநிலை வழங்கி எதை அனுப்புகிறது என்பதில் தொடங்குகிறது.

சுருக்குவதே தவறு என்பது இதன் பொருளன்று. 2014இல் வெளியான எம்4 என்ற முறை நல்ல எடுத்துக்காட்டு. காலவரிசைத் தரவைச் சுருக்கும்போது அது சராசரியை அனுப்புவதில்லை. திரையின் ஒவ்வொரு நெடுக்கைப் புள்ளிக்கும் முதல் அளவு, கடைசி அளவு, மிகச் சிறிய அளவு, மிகப் பெரிய அளவு ஆகிய நான்கை மட்டும் அனுப்புகிறது. மேலே கண்ட 87,600 அளவீடுகள் அதிகம் போனால் 4,000 ஆகின்றன. ஆனால் ஒரு நாள் மட்டும் உயர்ந்த உச்சமும் வரைபடத்தில் தப்பாமல் நிற்கிறது. வேகமும் உண்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இம்முறை காட்டுகிறது. புளோரைடு நிலப்படத்துக்கும் இதே வழி பொருந்தும். சராசரியோடு மிகப் பெரிய அளவையும், வரம்பு மீறிய கிணறுகளின் எண்ணிக்கையையும் அனுப்பினால் போதும்.

மூன்றாம் சோதனை: விகிதங்களின் சராசரி

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்ற விகிதம் இம்மாவட்டத்தில் வெறும் புள்ளிவிவரமன்று.

இங்கும் ஒரு கற்பனைக் கணக்கு உதவும். ஒரு சிற்றூரில் ஆண் குழந்தைகள் 10, பெண் குழந்தைகள் 5. விகிதம் 500. பக்கத்துப் பெரிய ஊரில் ஆண் குழந்தைகள் 200, பெண் குழந்தைகள் 190. விகிதம் 950. இரு விகிதங்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 725 கிடைக்கிறது. குழந்தைகளை முதலில் கூட்டி, பிறகு விகிதம் கண்டால் 210 ஆண்களுக்கு 195 பெண்கள், அதாவது சுமார் 929 கிடைக்கிறது. இரண்டாவதே சரி. ஊர் விகிதங்களை மட்டும் சேமித்துவைத்து, பயனர் நிலப்படத்தைச் சிறிதாக்கும்போதெல்லாம் அவற்றின் சராசரியைக் காட்டும் வழங்கி முதல் விடையைத்தான் தரும்.

இதன் விளைவு இருபுறமும் வெட்டும். சில ஊர்களில் நிலைமை இருப்பதைவிட மோசமாகத் தெரியும், சில ஊர்களில் மேம்பட்டதாகத் தெரியும். எங்கே கவனம் தேவை என்று முடிவெடுப்பவர் இரண்டாலும் ஏமாறுவார். விகிதத்தைச் சேமிக்காமல், அதன் மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனியாகச் சேமித்து, கடைசியில் வகுப்பதே நெறி.

நான்காம் சோதனை: பெயரும் நாளும்

ஒகேனக்கல் நீர் வந்தபின் கிணற்று நீர் நிலப்படம் மட்டும் போதாது. கிணற்றில் புளோரைடு மிகுந்த ஊரின் மக்கள் இப்போது குழாய் வழியே காவிரி நீரைக் குடிக்கலாம். அதை அறியக் கிணற்று அட்டவணையையும் குடிநீர் வழங்கல் அட்டவணையையும் இணைக்க வேண்டும். இணைப்பு ஊர்ப் பெயரை நம்பியிருந்தால் சிக்கல் எழுகிறது. அரூரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ஹகர ஒலியோடும் மற்றொருவர் அது இல்லாமலும் எழுதுவர். பாலக்கோட்டுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டல்கள் உண்டு. பொருந்தாத பதிவுகளை உள்ளிணைப்பு வினவல் சத்தமின்றி நீக்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. நிலப்படத்தில் அந்த ஊர் இருக்காது, அவ்வளவுதான். இந்திய அரசின் உள்ளாட்சிக் கோப்பகம் ஒவ்வொரு ஊராட்சிக்கும் தனிக்குறியீடு வழங்குகிறது. பெயருக்குப் பதில் அக்குறியீட்டால் இணைப்பதும், பொருந்தாமல் போன ஊர்களின் எண்ணிக்கையைப் பயனருக்குக் காட்டுவதும் இக்குறையைப் போக்கும்.

நாள் குறித்தும் இதே கவனம் தேவை. ஒரே கேள்விக்கு மீண்டும் மீண்டும் தரவுத்தளத்தை நாடாமல் இருக்க, வழங்கிகள் விடைகளைத் தற்காலிகமாகச் சேமித்துவைக்கின்றன. பக்கத்தின் மூலையில் தெரியும் 'இன்று புதுப்பிக்கப்பட்டது' என்ற குறிப்பு, அந்தச் சேமிப்பு புதுப்பிக்கப்பட்ட நாளாகவே இருக்கக்கூடும். நீர் எடுத்துச் சோதிக்கப்பட்ட நாள் அதுவன்று. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. நீரின் தரத்தைப் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறையே சோதிக்கிறது. கோடையில் எடுத்த அளவை மார்கழியில் 'இன்றைய' அளவாகக் காட்டுவது பொய் சொல்வதற்குச் சற்றே குறைந்த ஒன்று.

வழங்கியே வேண்டாமா?

இக்குறைகளைக் கண்டு, இடைநிலை வழங்கியையே நீக்கிவிடலாம் என்று கூறுவோர் உண்டு. இன்று டக்டிபி போன்ற தரவுத்தளத்தை உலாவிக்குள்ளேயே இயக்க முடியும். தரவு முழுவதையும் கோப்பாக அனுப்பிவிட்டால் கணக்கீடு பயனர் கண்முன்னேயே நடக்கும், எதுவும் மறைந்திருக்காது என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தில் பாதி சரி. தருமபுரி மாவட்டத்தில் 251 ஊராட்சிகள் உள்ளன. ஊராட்சிக்கு ஒரு பதிவு என்று இருபது ஆண்டுத் தரவைத் திரட்டினாலும் ஐயாயிரத்துச் சொச்சம் பதிவுகளே வரும். அது ஒரு ஒளிப்படத்தின் அளவுகூட இராது. இவ்வளவு சிறிய தரவுக்கு முன்னால் பெரிய வழங்கியை நிறுத்துவது, கிணற்றடியில் நிற்பவருக்குக் குவளையை மட்டும் நீட்டுவது போன்றது. சிறிய தரவை முழுக் கோப்பாகவே தந்துவிடலாம்.

மறுபாதி சரியன்று. மணிக்கொரு முறை வரும் கருவி அளவுகளும், தனிநபர் விவரம் அடங்கிய நலத்திட்டப் பதிவுகளும் அவ்வாறு அனுப்பத் தக்கவையல்ல. முன்னதற்கு அளவு தடை, பின்னதற்கு அந்தரங்கம் தடை. மேலும், வெற்றிடத்தைச் சுழியாக்கும் பழக்கத்தை உலாவி நிரலுக்குள்ளும் எழுத முடியும். இடத்தை மாற்றுவதால் மட்டும் முடிவு நேர்மையாகிவிடாது. உலாவியில் அது நடந்தால் மற்றொருவர் கண்டுபிடிக்கலாம் என்பதே வேறுபாடு. அந்த வேறுபாடு சிறியதன்று.

மதிப்பீடு

இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையும், அதையொட்டித் தொடங்கப்பட்ட திறந்த அரசுத் தரவுத் தளமும், பொதுப்பணத்தில் திரட்டிய தரவு பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தன. தரவு திறந்திருந்தால் போதாது, அதை வரைபடமாக்கும்போது நடுவில் நிகழும் கணக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அக்கருத்தின் அடுத்த படி.

நடைமுறையில் இதற்குத் தேவையானவை எளியவை. வழங்கி ஒவ்வொரு எண்ணோடும், அது எத்தனை பதிவுகளிலிருந்து வந்தது, எத்தனை பதிவுகள் வெற்றாக இருந்தன, அளவெடுத்த நாள் எது, எந்த ஆண்டின் எல்லை ஆகிய நான்கு விவரங்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்த எண்ணைத் தந்த வினவலை, விரும்புபவர் படிக்கும்படி வெளியிட வேண்டும். வெற்றிடத்துக்குப் பச்சையும் சிவப்பும் அல்லாத தனி நிறம் வேண்டும். இவற்றால் மறுமொழியின் அளவு சில எழுத்துகள்தான் கூடும், வேகம் உணரும்படி குறையாது.

மாணவர் ஒருவர் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். உலாவிகளில் உள்ள உருவாக்குநர் கருவியைத் திறந்து, வலையமைப்புப் பகுதியில் வரைபடத்துக்கு வந்து சேரும் மறுமொழியைப் பார்த்தால், வழங்கி படத்தை அனுப்புகிறதா, எண்ணை அனுப்புகிறதா, எண்ணோடு வேறு என்ன அனுப்புகிறது என்பது தெரிந்துவிடும். தம் ஊர் நிலப்படத்தில் பச்சையாகத் தெரியும்போது, அந்தப் பச்சைக்குள் எத்தனை கிணறுகள் அளக்கப்பட்டன என்ற கேள்விக்கு அங்கே விடை உள்ளதா என்று தேட வேண்டும். விடை இல்லையெனில், அந்த நிறம் நீரைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும்.